மலிவு எனும் விதி: சோழவரத்திலிருந்து சித்தூர்ச் சாலை வரை பந்தயக் கார்களின் ஒரு சிறு வரலாறு

1953-ஆம் ஆண்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகளை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. அவ்வாண்டு அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் உருவானது. சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தது. அதே ஆண்டில் இந்தியச் சுங்கவரி ஆணையம், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெளிநாட்டு உதிரிகளை இறக்கிப் பூட்டி விற்கும் கார் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்ற முடிவுக்கு வழிவகுத்தது. அதே ஆண்டில்தான் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. முதல் நிகழ்வு ஓர் எல்லையை வரைந்தது. இரண்டாவது, இந்நாட்டில் என்னென்ன எஞ்சின்கள் கிடைக்கும் என்பதை அடுத்த 30 ஆண்டுகளுக்குத் தீர்மானித்தது. மூன்றாவது, கிடைத்த எஞ்சின்களை வைத்துக்கொண்டு பந்தயம் ஓடுவதற்கான அமைப்பை உருவாக்கியது.

தென்னிந்தியாவில் மலிவான பந்தயக் கார் என்ற ஒன்று எவ்வாறு பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள இம்மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பழைய உதிரிகள் கிடைத்தால் மலிவான பந்தயக் கார் தானே பிறந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அதை உறுதிப்படுத்துவதில்லை. உதிரிகள் எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தன. செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் விதி ஒன்று எழுதப்பட்ட இடங்களில் மட்டுமே மலிவு நிலைத்தது. அவ்விதி இல்லாத இடங்களில் பணம் படைத்தவரின் வண்டி மற்றவர்களை வெளியேற்றியது.

1. இரண்டு சாலைகள்

சென்னையிலிருந்து புறப்படும் இரண்டு நெடுஞ்சாலைகள் இவ்வரலாற்றின் களம். வடக்கே செல்லும் கல்கத்தாச் சாலையில், செங்குன்றத்தைக் கடந்தால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. அதே சாலையில் மேலும் வடக்கே சென்றால் கும்மிடிப்பூண்டி, பின் தடா. அதற்கு மேற்கே சத்தியவேடு. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சத்தியவேட்டுப் பகுதி, 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சத்தியவேடு திருப்பதி மாவட்டத்திற்குச் சென்றது.

மேற்கே செல்லும் பெங்களூர்ச் சாலையில், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன் இருங்காட்டுக்கோட்டை. இன்றைய பெங்களூர்ப் பயணிகள் வேலூர், கிருஷ்ணகிரி வழியாகச் செல்கின்றனர். முன்னைய தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டையில் திரும்பி, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் வழியே பெங்களூரை அடைந்தது. சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையில் மொகிலிக் கணவாய். பலமனேர் சித்தூரைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், இச்சாலையில் ஏறும் வண்டி தன் ரேடியேட்டரின் நிலையை அங்கே வெளிப்படுத்திவிடும். திருமலையின் முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டபோது, அதே சோதனை இன்னும் கடுமையான வளைவுகளோடு திருப்பதியிலும் வந்து சேர்ந்தது. பந்தயத் தடங்கள் சமவெளியில் அமைந்தன. வண்டி தாங்குமா தாங்காதா என்ற கேள்வியோ இத்தகைய மலைச்சாலைகளில் அன்றாடம் கேட்கப்பட்டு வந்தது.

‘தாங்கு’ என்ற வினை இங்கே கவனிக்கத்தக்கது. எண்டூரன்ஸ் பந்தயம் என்பதற்கு நெடுநேரப் பந்தயம், தாங்குதிறன் பந்தயம் என்று பலவாறு மொழிபெயர்க்கிறார்கள், எதுவும் நிலைபெறவில்லை. ஆனால் பட்டறைத் தமிழில் அக்கருத்து ஏற்கெனவே இருக்கிறது. “இந்த ஆக்சில் தாங்கும்”, “இந்த லோடுக்கு ஸ்பிரிங் தாங்காது” என்று மெக்கானிக் சொல்லும்போது வேகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. காலத்தைப் பற்றியும் சுமையைப் பற்றியும் சொல்கிறார். நெடுநேரப் பந்தயத்தின் இலக்கணம் முழுவதும் அவ்வினைக்குள் அடங்கும்.

2. ‘ஸ்பெஷல்’ வண்டிகளின் காலம்

1954-க்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்தின. எஞ்சியவை பெரும்பாலும் மூன்று குடும்பங்கள்: கல்கத்தாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. ஆகவே ஒரு பந்தயக்காரருக்குக் கிடைக்கக்கூடிய எஞ்சின் அம்பாசடருடையது, ஃபியட் 1100-உடையது, அல்லது வண்டலூர்த் தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுடையது. இவற்றுள் ஹெரால்டுக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. அதன் உடலும் சேசிஸும் தனித்தனியானவை; போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைத் தூக்கி வைத்துவிடலாம். அடியில் எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங் ஆகியவற்றோடு ஒரு முழுமையான சட்டகம் மிஞ்சும். அதன்மேல் இலேசான தகடு போர்த்தினால் ஒரு பந்தய வண்டியின் தொடக்கம் அமைந்துவிடும்.

இவ்வாறு ஒருவர் தமக்கெனத் தனியாக உருவாக்கிக்கொண்ட வண்டியை ஆங்கிலப் பந்தய உலகம் ‘ஸ்பெஷல்’ என்றது. தமிழில் அச்சொல் ஸ்பெஷல் தோசை, ஸ்பெஷல் பஸ் என்று வேறு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. இரண்டிற்கும் பொது அம்சம் ஒன்று உண்டு: வழக்கமான வரிசையில் சேராதது. சோழவரத்தின் ஸ்பெஷல்கள் எந்த வரிசையிலும் சேராதவை. ஒன்றின் உதிரி மற்றொன்றில் பொருந்தாது. ஒன்றைக் கட்டியவரின் அனுபவம் மற்றவருக்கு எழுத்தில் கிடைக்காது. கல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலும் பழைய ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. ஆயினும் தென்னகத்தில் பெருங்கூட்டத்தை ஈர்த்த இடம் சோழவரமே.

அங்கே ஓடியவர்கள் யார்? சென்னையில் பணியாற்றிய பிரிட்டிஷ் வணிக நிறுவன அதிகாரிகள், வசதி படைத்த இந்தியக் குடும்பத்தினர், சிற்றரச மரபினர், அவர்களோடு ஓரளவு வருவாய் உடைய தொழில்நுட்ப ஆர்வலர்கள். இவர்கள் அனைவரும் அமெச்சூர்கள் என்றே அழைக்கப்பட்டனர். ‘அமெச்சூர்’ பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல். அதன் வேர்ப்பொருள் நேசிப்பவர். தமிழர்களுக்கு அது முதலில் நாடக மேடையிலிருந்து பழக்கமானது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஊதியம் பெறாமல் நடித்தார்கள். ஊதியம் தேவைப்படாத நிலையில் இருந்ததால்தான் அவ்வாறு நடிக்க முடிந்தது. மோட்டார் பந்தயத்திலும் இதே கணக்கு. நேசம் அனைவருக்கும் உண்டு. அதைச் செயலாக்கும் வசதி சிலருக்கே.

செலவு குறித்த விதி எதுவும் இல்லாத களத்தில் இவ்வேறுபாடு விரைவில் வெளிப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில், ஒருபுறம் உள்ளூர் எஞ்சினைக் கொண்டு கட்டிய வண்டிகள் சோழவரத்தில் ஓடின. மறுபுறம் விஜய் மல்லையா ஓட்டிய, ஒரு காலத்தில் பார்முலா 1 பந்தயங்களில் பங்கேற்ற என்சைன் வகை இறக்குமதிக் கார் ஓடியது. பார்வையாளருக்கு அது பெரும் விருந்து. ஹெரால்டைப் பிரித்துக் கட்டியவருக்கு அது தம் உழைப்பின் எல்லையைக் காட்டிய அளவுகோல். இடைப்பட்ட நிலையில் பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின் இருந்தது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனை அடிப்படையாகக் கொண்ட அச்சிறு கார், 848 சிசி எஞ்சினையும் ஃபைபர் உடலையும் உடையது. குடும்பக் காராக அது பெரிதாக விற்கவில்லை. எடை குறைவாக இருந்ததால் பந்தயக்காரர்களும் ராலி ஓட்டுநர்களும் அதை விரும்பினார்கள்.

3. உலகில் விதி எழுதப்பட்ட இடங்கள்

இதே சிக்கலைப் பிற நாடுகள் முன்பே சந்தித்திருந்தன. 1923-இல் பிரான்ஸின் லெ மான் நகரில் முதல் 24 மணி நேரப் பந்தயம் நடந்தபோது, சாலைக் கார்களின் நம்பகத்தன்மையைச் சோதிப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். காலப்போக்கில் அது பெரும் நிறுவனங்களின் செலவுப் போட்டியாக மாறியது. அதற்கு எதிர்த்திசையில் சென்றவர்கள் பிரிட்டனின் 750 மோட்டார் கிளப்பினர். 1939-இல் தொடங்கிய அக்கழகம், 747 சிசி எஞ்சினுடைய ஆஸ்டின் செவன் என்ற மிகச் சாதாரணமான காரை மையமாக்கியது. பழைய ஆஸ்டின் செவன்கள் ஏராளமாகவும் மலிவாகவும் கிடைத்தன. அவற்றின் எஞ்சினையும் சட்டகத்தையும் கொண்டே வண்டி கட்ட வேண்டும் என்று விதி வகுத்ததால், பணத்தைவிட அறிவுக்கு மதிப்பு கூடியது. 1948-இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தம் முதல் ஸ்பெஷலைக் கட்டிய கொலின் சாப்மன், பின்னர் லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அக்கழகத்தினர் 1950-களின் தொடக்கத்திலேயே, பல சிறு வண்டிகள் ஒரே அணியாகச் சேர்ந்து முறைவைத்து ஓடும் ஆறு மணி நேரப் பந்தயத்தையும் நடத்தினார்கள். ஒரு வண்டி தாங்காவிட்டால் அடுத்தது ஏற்கும். ஏழைகளின் நெடுநேரப் பந்தயம் என்று அதைச் சொல்லலாம்.

1946-இல் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும், இரண்டு ஃபியட் டோப்போலினோக்களின் முன்பகுதிகளை இணைத்து, ஓட்டுநருக்குப் பின்னால் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தி ஒரு வண்டி கட்டினார்கள். 1960-களில் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் பீட்டிலின் உதிரிகளைக் கொண்டு பார்முலா வீ பரவியது. 1967-இல் பிரிட்டனில் தொடங்கிய பார்முலா ஃபோர்டு, முழு வண்டியின் விலைக்கு 1000 பவுண்டு என்ற வரம்பை வைத்தது. இவை அனைத்திலும் ஒரே வாய்ப்பாடு தென்படுகிறது. தெருவில் மிகுதியாக ஓடும் ஒரு காரைத் தேர்ந்துகொள். அதன் எஞ்சினை எவரும் மாற்றக்கூடாது என்று எழுது. பின்னர் வண்டிகளை ஓடவிடு.

இந்தியாவில் இவ்வாய்ப்பாட்டின் முதல் வரியே 1983 வரை எழுத இயலாததாக இருந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் தெருவில் மிகுதியாக ஓடின என்பது உண்மை. ஆனால் அவற்றின் எஞ்சின் முன்னால், நெடுக்குவாட்டில். இயங்கும் சக்கரங்கள் பின்னால். இரண்டிற்கும் இடையில் நீண்ட புரப்பெல்லர் ஷாஃப்டு. இவ்வமைப்பு கனமானது. ஓட்டுநரை அதற்கு மேலோ பக்கத்திலோ உட்கார வைக்க வேண்டும். வண்டியின் உயரம் குறையாது.

4. கோயம்புத்தூரின் விடை

1983 டிசம்பர் 14-இல் மாருதி 800 வெளிவந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எஞ்சினும் கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே தொகுதியாகக் குறுக்குவாட்டில் அமைந்து முன்சக்கரங்களை இயக்கின. குடும்பத்தினர் அதில் குறைந்த எரிபொருளையும் எளிய பராமரிப்பையும் கண்டார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் வேறொன்றைக் கண்டார். அத்தொகுதியை அப்படியே கழற்றி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கரங்களை இயக்கியது பின்சக்கரங்களை இயக்கும். நீண்ட ஷாஃப்டு தேவையில்லை. தனி டிஃபரன்ஷியல் தேவையில்லை. எடை நடுவில் குவியும். 40 ஆண்டுகளுக்கு முன் கூப்பர்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கொண்டு செய்ததை, இந்தியாவின் மிகச் சாதாரணமான காரைக் கொண்டு செய்யும் வழி அது.

1954-இல் பிறந்த கரிவர்தன் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தில் ஓட்டிய அனுபவம் உடையவர். எஃகுக் குழாய்ச் சட்டகம், ஃபைபர் உடல், மாறா மாருதி எஞ்சின் என்ற அமைப்பில் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார் 1988-இல் பந்தயத்துக்கு வந்தது. பார்முலா மாருதி என்று அது அறியப்பட்டது. ‘ஃபிஸ்மி’ என்ற மற்றொரு பெயரும் அதற்கு இருந்தது. மாருதி எஞ்சினுடைய இந்திய ஒற்றை இருக்கைக் கார் என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சேர்க்கை அது.

இக்கார் கோயம்புத்தூரில் பிறந்ததற்குக் காரணங்கள் உண்டு. பஞ்சாலைகளுக்கு இயந்திரம் பழுதுபார்க்கத் தொடங்கிய ஊர், பம்புசெட்டும் மோட்டாரும் வார்க்கும் ஊராகி, பின்னர் ஆலை இயந்திரங்களையே உருவாக்கும் ஊரானது. ஜி.டி. நாயுடுவின் காலம் முதல் லேத் பட்டறையும் வார்ப்பாலையும் அச்சுமாதிரி செய்யும் தச்சரும் ஒரே தெருவில் கிடைத்தார்கள். ஒரு சக்கரத் தாங்கியை வரைந்து கொடுத்தால் விரைவில் கையில் வரும். பத்துத் தாங்கிகள் வேண்டுமென்றால் பத்தும் ஒரே அளவில் வரும். ஸ்பெஷலுக்கும் பார்முலா மாருதிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்தப் பத்தில் இருக்கிறது. ஸ்பெஷல் ஒருவரின் திறமை. பார்முலா மாருதி ஒரு வரிசை. ஒன்றின் உதிரி மற்றொன்றில் பொருந்தும், எஞ்சின் பழுதானால் எந்த ஊர் மெக்கானிக்கும் அதை அறிவார், அனைவரும் ஒரே வண்டியை ஓட்டுவதால் தோல்விக்கு வண்டியைப் பழிக்க முடியாது.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுடைய அத்தடத்தில் பார்முலா மாருதி தன் இயல்பான களத்தைப் பெற்றது. நரேன் கார்த்திகேயன் தம் பதின்ம வயதில் அங்கே ஓடிய தொடக்கக் கார் இதுவே. 2005-இல் அவர் பார்முலா 1-இல் ஓடிய முதல் இந்தியரானார். 2010-இல் அந்நிலையை எட்டிய கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் தொடங்கியவர். கரிவர்தன் இவற்றைக் காணவில்லை. 1995-இல் இலகுரக விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், எல்ஜிபி நிறுவனத்தின் பி. விஜயகுமார் உருவாக்கிய 2.1 கிலோமீட்டர்த் தடம் அவர் பெயரால் காரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது. அதே நிறுவனத்தின் பெயர் தாங்கிய பார்முலா எல்ஜிபி கார்களுள் பலவும் மாருதியின் எஞ்சின்களைப் பயன்படுத்தின. வாய்ப்பாடு தொடர்ந்தது.

5. மலிவு யாருக்கு?

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவது பிழையாகும். நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்றவர். கருணின் தந்தையும் பாட்டனாரும் மோட்டார் பந்தய அமைப்புகளை வழிநடத்தியவர்கள். பார்முலா மாருதி அகலத் திறந்த கதவுக்குள், அக்கதவின் இருப்பிடத்தை முன்பே அறிந்தவர்கள் முதலில் நுழைந்தார்கள். வண்டியின் விலை குறைந்தது. டயர், பயணம், உரிமம், தீத்தடுப்பு உடை, பழுது, பயிற்சி ஆகியவற்றின் செலவு குறையவில்லை. செலவின் ஒரு பகுதிக்கு வரம்பு வைத்தால் பணம் வரம்பில்லாத பகுதிக்கு நகரும். இது பந்தய விதிகளை எழுதிய எவரும் அறிந்த நியதி.

இந்நியதியை நேரடியாக எதிர்கொண்ட விதிப்புத்தகம் ஒன்று 2006-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றியது. ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்ற பெயரே லெ மான் மீதான பகடி. அமெரிக்க வழக்கில் ‘லெமன்’ என்பது தலையில் கட்டப்பட்ட ஓட்டைக் காரைக் குறிக்கும். சென்னைத் தமிழில் அதன் உறவுச்சொல் ‘காயலான் கடை வண்டி’ ஆகலாம். அப்போட்டியின் அடிப்படை விதி, கார் 500 டாலருக்கு மேல் செலவாகியிருக்கக் கூடாது என்பது. ஆனால் அதற்குள் ஒரு நுட்பமான விலக்கு உண்டு. உருண்டாலும் நசுங்காமல் காக்கும் ரோல் கேஜ், இருக்கை, பட்டை, பிரேக், சக்கரம், டயர் ஆகியவை 500 டாலர்க் கணக்கில் சேரா. சிக்கனம் உயிரைத் தொடும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதே இதன் பொருள். வரம்பை மீறியதாக நடுவர் கருதினால், மிகுதியான ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று தண்டனை. மேலும் போட்டி நடத்துவோர் விரும்பினால் எந்தக் காரையும் 500 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தம்மிடம் வைத்திருந்தார்கள். பொய்க்கணக்கு எழுதியவர் தம் வண்டியை இழக்க நேரிடும். காவலரோ கணக்காயரோ இல்லாமல் உண்மையைப் பெறும் விதி அது.

நெடுநேரம் ஓடுவது இங்கே ஏன் இன்றியமையாதது? குறுகிய ஓட்டத்தில் வேகம் வெல்லும். வேகம் விலைக்குக் கிடைக்கும். மணிக்கணக்கில் ஓடும்போது கேள்விகள் மாறுகின்றன. ரேடியேட்டரின் நீர் கொதிக்காமல் இருக்குமா? சக்கர பேரிங்கின் கிரீஸ் உருகி வழியாமல் நிற்குமா? பிரேக் சூடேறி வலுவிழக்குமா? வெல்டிங்கில் விரிசல் விடுமா? ஓட்டுநர் மாறும்போது மற்றவருக்கு மிதி எட்டுமா? இவற்றுக்கான விடைகள் கடையில் கிடைப்பவை அல்ல. மொகிலிக் கணவாயில் சரக்கு ஏற்றிச் சென்றவரும், திருமலைப் பாதையில் நாள்தோறும் பேருந்து ஓட்டியவரும், அவ்வண்டிகளைப் பழுதுபார்த்தவரும் அறிந்த விடைகள் அவை. நெடுநேரப் பந்தயம் மதிப்பளிக்கும் அறிவு, பணக்காரரின் கொட்டகையைவிடத் தொழிலாளியின் பட்டறையில் மிகுதியாக இருக்கிறது. அந்த அறிவு பந்தயக் களத்துக்குள் வருவதற்குக் குறைந்த செலவு என்ற விதி தேவைப்படுகிறது.

6. மதிப்பெண் ஆன மலிவு

இந்தியாவில் அத்தகைய விதி, எதிர்பாராத ஓரிடத்தில் நிலைபெற்றது: பொறியியல் கல்லூரியில். 1976-இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாஹா போட்டியின் இந்திய வடிவம், 2007-இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் நடந்தது. அனைத்து அணிகளுக்கும் ஒரே வகையான எஞ்சின். அதில் கைவைக்கக் கூடாது. மாணவர்களே குழாய்களை வளைத்து, வெல்டு செய்து வண்டியைக் கட்ட வேண்டும். உச்சகட்டப் போட்டி, கரடுமுரடான நிலத்தில் நான்கு மணி நேர ஓட்டம். மொத்த மதிப்பெண்ணில் மிகப் பெரிய பங்கு அதற்கே. வண்டியின் செலவறிக்கையும் மதிப்பெண் பெறும். 2011-இல் தொடங்கிய சுப்ரா போட்டியின் முதல் களம் இருங்காட்டுக்கோட்டை. பின்னர் பார்முலா பாரத் போட்டி காரி மோட்டார் ஸ்பீட்வேயில் இடம்பெற்றது. பார்முலா மாணவர் போட்டிகளின் நெடுநேர ஓட்டம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். நடுவில் ஓட்டுநர் மாற வேண்டும். அணைத்த எஞ்சினை மீண்டும் இயக்க வேண்டும். அதுவரை நன்றாக ஓடிய வண்டிகள் பல, சூடேறிய எஞ்சின் மீண்டும் உயிர்பெறாமல் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. 22 கிலோமீட்டர் என்ற எண் சிறியதாகத் தோன்றலாம்; மாணவர் கட்டிய வண்டிக்கு அது நீண்ட தொலைவு.

இங்கே மலிவு ஒரு தேர்வுத்தாளாகிறது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் விலை எழுத வேண்டும். ஏன் அந்த உலோகம், ஏன் அந்தத் தடிமன் என்று நடுவர் முன் நின்று விடையளிக்க வேண்டும். சோழவரத்தின் ஸ்பெஷல் கட்டியவரிடம் யாரும் இவற்றைக் கேட்கவில்லை. அவரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இம்மாணவர் அறிக்கைகள் பொறியியல் ஆவணங்களாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. எந்த ஆண்டில் எந்தக் குழாய் எந்த ஊரில் கிடைத்தது, எந்த வேலைக்கு எந்தப் பட்டறையை நாடினார்கள் என்பதற்கான வரலாற்றுச் சான்றுகளும் ஆகின்றன.

இப்போது இரண்டு சாலைகளையும் மீண்டும் பார்க்கலாம். வடக்குச் சாலையில், 1960-இல் மாநிலம் மாறிய சத்தியவேட்டுப் பகுதியில் இன்று ஸ்ரீசிட்டி. 2016 முதல் இசுசு அங்கே வண்டிகள் தயாரிக்கிறது. அதன் அருகே சின்னபண்டூரில் 2020 முதல் அப்போலோ டயர். திருப்பதியை அடுத்த கரக்கம்பாடியில் 1985-இல் தொடங்கப்பட்ட அமர ராஜா பேட்டரி நிறுவனம். 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தோடு 2015 முதல் ஐஐடியும் திருப்பதியில் உண்டு. டயர், பேட்டரி, வண்டி, பொறியாளர் என்று ஒரு மலிவான நெடுநேரப் பந்தயக் காருக்குத் தேவைப்படுவன பலவும் பழைய சித்தூர் மாவட்ட எல்லைக்குள்ளேயே தயாராகின்றன. 1953-இல் எல்லை வரையப்பட்டபோது அங்கே இவை எவையும் இல்லை. இருந்தவை சாலைகளும் கணவாய்களும், அவற்றில் ஓடிய வண்டிகளைத் தாங்கவைத்த பட்டறைகளும்.

7. யாருடைய வரலாறு?

பந்தய வரலாறு ஓட்டுநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. கோப்பையில் ஓட்டுநரின் பெயர் பொறிக்கப்படுகிறது; செய்தித்தாளில் அவர் படம் வருகிறது. ஹெரால்டின் உடலைக் கழற்றியவர், குழாயை நெருப்பில் வாட்டி வளைத்தவர், ஃபைபர் அச்சைத் தேய்த்து வழுவழுப்பாக்கியவர், பந்தயத்துக்கு முந்தைய இரவில் கியர்பெட்டியை இறக்கி ஏற்றியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. கரிவர்தனின் பங்கைக் குறைத்து மதிப்பிட இது காரணமாகாது. வரைபடம் அவருடையது, விதியை எழுதும் துணிவும் அவருடையது. ஆனால் ஒரே அளவில் பத்து வண்டிகளைச் செய்து காட்டியவை பலருடைய கைகள்.

அக்கைகளைத் தேடுவதற்கான சான்றுகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியையும் சோதித்து நடுவர் நிரப்பிய படிவங்கள், கழகங்களின் ஆண்டு மலர்கள், நிழற்படங்களின் ஓரத்தில் ஸ்பேனருடன் நிற்கும் முகங்கள், புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் எஞ்சியிருக்கும் நினைவுகள், ராணிப்பேட்டை முதல் பலமனேர் வரை சாலையோரப் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் தொழிற்சொற்கள் ஆகியவை இன்னும் திரட்டக்கூடியவை. சோழவரத்தில் வேலை செய்த இளைஞர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். வரலாறும் மொழியியலும் பொறியியலும் பயிலும் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து செய்யக்கூடிய வாய்மொழி வரலாற்றுப் பணி இது. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவியும் பட்டறையில் காத்திருக்கும் பொறுமையும் போதும். பட்டறைக்காரரின் பெயரைக் கேட்டு முழுமையாக எழுதுவதிலிருந்து அப்பணி தொடங்கலாம்.